ஹெனாரோவின் பெயர் இல்லாத பலகை

போர் முடிந்து தலைநகர் அசுன்சியோனுக்குத் திரும்பிய இலாரியோவை ஆற்றங்கரைப் பேட்டையில் முதலில் அடையாளம் கண்டது சிரியாகாதான். ஆள் பாதியாகியிருந்தான். அவனைத் தெருவில் நிறுத்தி அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"என் தம்பி எப்படிடா செத்தான்? நீ கூடவே இருந்தியாமே?"

"குண்டு பட்டுச்சுக்கா. வலி தெரியாம போயிட்டான்."

குண்டு பட்டது உண்மை. யாருடைய குண்டு என்பதை அவன் சொல்லவில்லை.

சிரியாகாவின் தம்பி ஹெனாரோ பாயெஸ், கார்சா கால்பந்து கிளப்பின் நடு முன்வரிசை ஆட்டக்காரன். கார்சா என்றால் கொக்கு. வெள்ளைச் சட்டை, நெஞ்சில் கறுப்பு நூலில் ஒரு கொக்கு. படகோட்டிகளும் மூட்டை தூக்குகிறவர்களும் சேர்ந்து தொடங்கிய கிளப் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் முதல்முறையாகக் கோப்பை வென்றது. மேட்டுத்தெரு அணிக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் ஹெனாரோ தலையால் முட்டிய பந்துதான் அந்தக் கோப்பை. வலப்பக்கத்திலிருந்து அந்தப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவன் இலாரியோ.

அடுத்த வருஷம் பக்கத்து நாடான பொலிவியாவோடு போர் மூண்டது. அணியில் எட்டுப் பேர் ஒரே நாளில் பெயர் கொடுத்து, ஒரே பட்டாளத்தில் எல்லையிலிருந்த வறண்ட சாக்கோ காட்டுக்குப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவனுக்குக் கண் போய்விட்டது. இன்னொருவன் இலாரியோ.

அங்கே எதிரியைவிடத் தாகம்தான் அதிகம் பேரைக் கொன்றது. இரண்டாம் வருஷம் ஜனவரியில், தண்ணீர் வண்டி நான்கு நாளாக வரவில்லை. முள்மரத்தின் வேரைத் தோண்டிச் சப்பினார்கள். ஐந்தாம் நாள் காலை, பதுங்குகுழியின் மூலையில் துப்பாக்கி வெடித்தது. ஹெனாரோ இடது உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தோலில் வெடிமருந்து கருகிய தடம் இருந்தது. தானே சுட்டுக்கொண்டான் என்று கண்டுபிடிக்க மருத்துவருக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

"ஏன்டா கையை? காலைச் சுட்டிருந்தா ஒருவேளை நம்பியிருப்போம்," என்றார் சார்ஜெண்ட்.

கையை ஏன் என்று இலாரியோவுக்குத் தெரியும். ஊருக்குத் திரும்பினால் ஆடக் கால் வேண்டுமே என்று ஹெனாரோ நினைத்திருக்கிறான்.

சாயங்காலமே மரண தண்டனை என்று தீர்ப்பாகிவிட்டது. சுடுவதற்கு ஆறு பேரைப் பிரித்தார்கள். மூன்றாவது ஆள் இலாரியோ.

முப்பத்தைந்தாம் வருஷம் செப்டம்பரில் கிளப்பை மறுபடி திறந்தார்கள். மருந்துக்கடை தோன் பந்தலெயோன்தான் தலைவர். தகரக் கொட்டகையில் பொதுக்கூட்டம். கொம்புக் குவளையில் குளிர்ந்த மூலிகைப் பானமான தெரெரே சுற்றி வந்தது. திரும்பி வந்த இலாரியோவின் பெயரைச் சொல்லி எல்லாரும் கைதட்டினார்கள். போரில் செத்த ஆட்டக்காரர்களுக்காகச் சுவரில் மாட்டப்போகும் பலகையின் பெயர்களைத் தலைவர் வாசித்தார். ஐந்து பெயர்கள். நிறுத்திவிட்டார்.

பின்வரிசையில் துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்த சிரியாகா எழுந்தாள். புதுச் சட்டை பதினொன்றிலும் கொக்கு தைத்து முடித்திருந்தாள்.

"ஐயா, ஒரு பேர் விட்டுப்போச்சு."

தோன் பந்தலெயோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விட்டுப்போகலம்மா. பட்டாளத்துலேருந்து காகிதம் வந்திருக்கு. அதுல என்ன எழுதியிருக்குன்னு இத்தனை பேர் முன்னாடி என்னைச் சொல்ல வைக்காத. வீட்டுக்குப் போ."

"படிங்க."

"கோழைத்தனத்துக்குத் தண்டனைன்னு போட்டிருக்கு. போதுமா?"

சிரியாகா மெல்லத் திரும்பி இலாரியோவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவனால் ரொம்ப நேரம் தாங்க முடியவில்லை. எழுந்தான்.

"கோழையில்ல. நாலு நாள் தண்ணியில்லாம கிடந்தோம். அஞ்சாம் நாள் அவன் கையைச் சுட்டுக்கிட்டான். நானும் அதையேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன், அவன் முந்திக்கிட்டான். அவனைச் சுட்ட ஆறு பேர்ல நானும் ஒருத்தன்." தலைவர் பக்கம் திரும்பினான். "என் பேரைக் கூப்பிட்டு எனக்குக் கைதட்டுறீங்க. அவன் பேரை மட்டும் அழிக்கிறீங்க. கோப்பை யார் வாங்கிக் குடுத்தது?"

"உட்காருடா கொலைகாரா!" என்று யாரோ கத்தினார்கள். "அதுக்கு நீ ஏன்டா உசுரோட வந்த?" என்றான் மச்சினனை இழந்த ஒரு படகோட்டி.

கை தூக்கச் சொன்னார்கள். பெயர் வேண்டாம் என்று இருபத்தேழு கைகள். வேண்டும் என்று ஒன்பது. குவளை அடுத்த சுற்றில் இலாரியோவைத் தாண்டிப் போனது.

வாசலில் சிரியாகா நின்றிருந்தாள்.

"குறி பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா. குறி தப்பினா அவனுக்குத்தான் வேதனை."

"உன் குண்டுதானா?"

"தெரியாது. நெஞ்சுல நாலு பட்டிருந்துச்சு."

"ஏதாவது சொன்னானா?"

"தண்ணி கேட்டான். எங்க யாருகிட்டயும் இல்ல."

அவள் அழவில்லை. "ரெண்டு மாசமா என் வீட்டுல உட்கார்ந்து கெழங்கு தின்னியேடா," என்றாள். "இனி என் தெருவுல கால் வெக்காத." மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

அடுத்த ஞாயிறு முதல் ஆட்டம். சிரியாகா சட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்றிலும் கொக்கு இல்லை. பதினொன்றையும் நூல் நூலாகப் பிரித்திருந்தாள். வேறு சட்டைக்கு நேரமில்லை. வெறும் வெள்ளையில் கார்சா இறங்கியது.

"டேய், கொக்கு எங்கடா? மீன் பிடிக்கப் போயிருச்சா?" என்று மேட்டுத்தெருக்காரர்கள் ஆட்டம் முடியும்வரை விடவில்லை. நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். அணியில் இலாரியோ இல்லை. கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தவனை இரண்டு பேர் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். அவன் எதிர்க்கவில்லை.

பலகை ஐந்து பெயரோடு மாட்டப்பட்டது. கிளப்பின் குறிப்பேட்டில் முப்பத்தொன்றாம் வருஷக் கோல் 'அணியின் கோல்' என்று திருத்தி எழுதப்பட்டது. இலாரியோ மேல்நதிக்குப் போகும் மரப்படகில் வேலைக்குச் சேர்ந்தான்.

படகு புறப்படும் காலையில் துறைக்குச் சிரியாகா வந்தாள். பத்தடி தள்ளியே நின்றாள்.

"எங்க பொதைச்சீங்க?"

"பாதை ரெண்டாப் பிரியுற இடத்துல, வயிறு பெருத்த ஒரு மரம் இருக்கும். அதுக்கு வடக்கால. சிலுவை எதுவும் நட விடல."

"நடந்தா போயிரலாமா?"

இலாரியோ இல்லையென்று தலையை ஆட்டினான். "முடியாதுக்கா. வழியில எங்கயும் தண்ணி கெடையாது."

அவள் ஆற்றைப் பார்த்தாள். பிறகு, வந்த வழியே திரும்பிப் போனாள்.