கட்டிலில் குடியிருந்த சாமி

எட்டாம் மாதம் முடிந்தபோது என் வயிற்றிலிருந்த மகள் இரண்டரைக் கிலோவைத் தாண்டிவிட்டாள் என்றார் டாக்டர். நல்ல வளர்த்தியாம். அவள் வளர வளர எனக்குத்தான் இடம் போதவில்லை. அவள் கால் என் விலா எலும்புக்கடியில், தலை மூத்திரப்பையின் மேல். என் பாதம் எந்தச் செருப்புக்குள்ளும் நுழையாது. படுத்தால் போதும், மதியம் குடித்த பால்மீன் கஞ்சி தொண்டை வரை ஏறிவந்து எரியும். உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தேன். அதைத் தூக்கம் என்று சொன்னால் தூக்கம் கோபித்துக்கொள்ளும்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் ஒவ்வொரு செங்கல் வையுங்கள் என்றார் டாக்டர். சின்ன விஷயம்தான், தைவானில், எங்கள் தைனான் நகரத்து வீட்டில் என் மாமியார் ஜின்ஷியா இல்லாதிருந்தால்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கருவைக் காக்கும் கருச்சாமி குடியிருப்பார் என்பது அவர் நம்பிக்கை. பஞ்சாங்கப்படி ஒருநாள் அடுப்பில், ஒருநாள் வாசலில், ஒருநாள் கட்டிலில். அவர் இருக்குமிடத்தில் ஆணி அடித்தாலோ சாமானை நகர்த்தினாலோ பிள்ளைக்கு ஆகாது.

"சாமி அடுப்புக்குப் போற நாளாப் பாத்துத் தூக்கிடலாம்மா," என்றான் என் கணவன் ஜுன்லியாங். "வாடகைக்கு இருக்கறவர் மாதிரி மாறிக்கிட்டேதானே இருக்கார்?"

"வாயைக் கழுவு. கட்டில்ல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. எந்த நாளும்."

மற்றபடி மாமியாரைக் குறை சொல்ல முடியாது. சாயங்காலமானால் வீங்கிய என் கால்களை மடியில் போட்டு நீவிவிடுவார். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால் நான் கத்தி முடிப்பதற்குள் ஓடிவந்து பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பிடிப்பார். வீட்டிலுள்ள தலையணை எல்லாவற்றையும் எனக்கே அடுக்கித் தந்தார். அவை சரியும், கூடவே நானும் சரிவேன்.

ஒரு மத்தியானம் எரிச்சல் தாங்காமல் வெடித்துவிட்டேன்.

"ரெண்டு செங்கல், அத்தை! நான் ஒழுங்காத் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? பேத்தி மேல இருக்கற அக்கறையில கால்வாசி கூட என் மேல இல்லையா?"

பதிலுக்குக் கத்துவார் என்று நினைத்தேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஜுன்லியாங்குக்கு முன்னால ஒண்ணு இருந்துச்சு, ஷூயுன். உன்னை மாதிரியே எட்டு மாசம். வெயில் மூஞ்சியில அடிக்குதுன்னு நானே கட்டிலை இழுத்துப் போட்டேன். அந்த வாரமே அசைவு நின்னுபோச்சு. என் மாமியார் ஒரு வார்த்தை கேக்கல. கட்டிலைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. அவ்வளவுதான்."

நெஞ்செரிச்சல் போன இடம் தெரியவில்லை. கருச்சாமியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. "அது உங்களால இல்ல" என்று டாக்டர் மாதிரி சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை வருடம் ஒருத்தி தனியாகச் சுமந்ததை அப்படி ஒரு வார்த்தையில் இறக்கிவைக்க முடியுமா?

"இந்தக் கட்டிலைத் தூக்குவோம், அத்தை. இவ நல்லபடியா வந்துட்டா, அன்னைக்கும் கட்டில் ஒண்ணும் பண்ணலைன்னுதானே அர்த்தம்?"

"வரலைன்னா?"

எனக்கே பயமாகத்தான் இருந்தது. அவர் கையை எடுத்து என் வயிற்றில் வைத்தேன். உள்ளே குட்டிக்கு விக்கல். வெகுநேரம் அவர் கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை புது விளக்குமாற்றோடு வந்தார். கட்டிலுக்கடியில் பெருக்கிக்கொண்டே சாமியிடம் பேசினார்.

"கொஞ்சம் நகந்துக்கோங்க. பொண்ணு தூங்கணும். கோவம் ஏதாவது வந்தா என்கிட்ட காட்டுங்க, அவகிட்ட வேணாம்."

ஜுன்லியாங் கட்டிலைத் தூக்கினான். செங்கற்களை மாமியாரேதான் செருகினார். அன்று நான் அடித்துப்போட்டது போலத் தூங்கினேன். அவர் தூங்கவில்லை. அதன்பிறகு தினமும் எழுந்ததும், "உதைச்சாளா?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவார். உதைக்காத நாளென்று ஒன்று இருந்ததில்லை. அந்த உதையில் என் விலா ஒடிந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு.

குட்டி பிறந்தாள், மூன்று கிலோவும் சொச்சமும், ஆஸ்பத்திரியையே எழுப்பும் தொண்டையோடு. ஜுன்லியாங் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போடப் போய்விட்டான். மாமியார் பேத்தியை வாங்கிக்கொண்டார். யார் சாயல் என்று பார்க்கவில்லை, விரல்களை எண்ணவில்லை. அவள் அழுவதை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"அப்போ, அது நான் பண்ணதில்லதானே?"

"நீங்க இல்ல, அத்தை."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன்.