ஒரு முழு நிமிடம்

ஒன்பது ஆஸ்பத்திரிகளை ஒன்றாக உட்கார வைப்பது தவளைகளைத் தராசில் நிறுக்கிற வேலை. ஒன்றைப் பிடித்து வைப்பதற்குள் இன்னொன்று குதித்துவிடும். அந்த வேலையை வலிய இழுத்துத் தலையில் போட்டுக்கொண்ட குழந்தை டாக்டரம்மாவுக்கு, கூட இருப்பவர்கள் வைத்த பெயர் சிலந்தி. எந்நேரமும் வலை பின்னிக்கொண்டே இருக்கிறாளாம். அவளுக்கு அதில் வருத்தமில்லை. "சிலந்தியாவது வலையில உக்காந்து நிம்மதியா சாப்பிடுது. எனக்கு அதுக்கும் வழியில்ல" என்பாள்.

விஷயம் இதுதான். நிமோனியா வந்த கைக்குழந்தைக்கு மருந்தை ஐந்து நாள் கொடுக்க வேண்டுமா, மூன்று நாள் போதுமா? கேள்வி சின்னது. உறுதியாகப் பதில் சொல்ல ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பார்த்தாக வேண்டும். ஒரே ஆஸ்பத்திரி செய்தால் தலை நரைத்துவிடும்; ஒன்பதும் சேர்ந்தால் இரண்டு வருடத்தில் முடியும். தனிமரம் தோப்பாகாது என்று எல்லோருக்கும் தெரியும். தோப்புக்கு யார் பெயர் வைப்பது என்பதில்தான் சண்டை. போன தடவை கூடியபோது கூட்டம் நெல்லிக்காய் மூட்டை அவிழ்ந்த மாதிரி சிதறிப்போனது. "பெரிய ஆஸ்பத்திரிக்காரங்க எங்க குழந்தைங்களை வச்சுப் பேர் வாங்கப் பாக்குறீங்க" என்று முதலில் எழுந்து போனவர், ஆகத் தூரத்து ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர். முசுடு என்று அவருக்குப் பெயர். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

அந்த முசுடையும் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மறுபடி வரச் சம்மதிக்க வைத்திருந்தாள் சிலந்தி. இந்தத் தடவையும் உடைந்தால் இனி ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

கூட்டத்துக்கு முந்தின நாள்தான் வினை வந்தது. மூச்சு வாங்கும் குழந்தைகளின் வீடியோக்களை ஒன்பது ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பி, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று நர்ஸ்களை எண்ணிச் சொல்லச் சொல்லியிருந்தாள். பதில்கள் போனில் வரவர அறையின் வெள்ளைப் பலகையில் எழுதினாள். நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு, நாற்பத்துநாலு, ஐம்பத்தாறு. பலகை நிறைந்ததும் தள்ளி நின்று பார்த்தவளுக்குச் சுரீர் என்றது. அத்தனையும் நாலாம் வாய்ப்பாடு. குழந்தைகள் வாய்ப்பாடு படித்துவிட்டா மூச்சு விடுகின்றன?

ஒருவரும் முழு நிமிடம் எண்ணவில்லை. கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கியிருக்கிறார்கள். எள் போட்டால் எள் விழாத வார்டில் அது கைவந்த குறுக்குவழி. ஆனால் இந்த ஆய்வில் ஐம்பதுதான் வாசல். ஐம்பது மூச்சும் அதற்கு மேலும் உள்ள கைக்குழந்தை உள்ளே, குறைந்தால் வெளியே. கால் நிமிடத்தில் ஒரே ஒரு மூச்சு கூடிக் குறைந்தால், சேரக்கூடாத குழந்தை சேரும், சேர வேண்டியது வெளியே நிற்கும். அப்புறம் எந்த மருந்தைப் பற்றி யார் என்ன சொல்ல முடியும்?

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அந்த ஒன்பது வார்டு நர்ஸ்களில் பாதிப் பேருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் சிலந்தி வேலை பார்க்கும் இதே ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ். அவர் சிலந்தியின் புருஷனுக்கு அக்கா. வீட்டிலும் வார்டிலும் அவர் சொன்னதுதான் சட்டம்.

மத்தியானம் வார்டுக்குப் போய், மெல்ல ஆரம்பித்தாள். "அண்ணி, ஒரு குழந்தைக்கு மூச்சு எண்ணிச் சொல்லுங்களேன்."

நாத்தனார் கடிகாரத்தைப் பார்த்தார், குழந்தையின் நெஞ்சைப் பார்த்தார். "அம்பத்திரெண்டு."

"இப்ப முழு நிமிஷம் எண்ணலாமா?"

இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். நாற்பத்தொன்பது.

நாத்தனாரின் முகம் சிவந்தது. "நான் இந்த வார்டுக்கு வந்தப்ப நீ பள்ளிக்கூடம் போயிட்டு இருந்த. எனக்கே எண்ணக் கத்துத் தர்றியா?"

"நாளைக்கு இதைச் சபையில சொல்லியாகணும் அண்ணி. மறைச்சா ஆய்வே பாழ்."

"சொல்லு. தாராளமா சொல்லு" என்றவர், விறுவிறுவென்று போய்விட்டார். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. "எங்க அக்காகிட்ட என்னத்தைச் சொல்லித் தொலைச்ச?" என்று புருஷன் வேறு பிடித்துக்கொண்டான்.

மறுநாள் அரங்கில் ஒன்பது ஆஸ்பத்திரிக்காரர்களும் தனித்தனித் தீவாக உட்கார்ந்திருந்தார்கள். சிலந்தி எண்களைத் திரையில் போட்டு, நாலாம் வாய்ப்பாட்டைக் காட்டினாள். சலசலப்பு கிளம்பியது. "யார் ஆஸ்பத்திரியில ஆரம்பிச்ச கோளாறு இது?" என்றார் முசுடு, கையைக் கட்டிக்கொண்டு. "எங்க..." என்று தொடங்கினாள் சிலந்தி.

"என்கிட்ட ஆரம்பிச்சது" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

வார்டு உடுப்போடு நாத்தனார் நடந்து முன்னால் வந்தார். அவரை யாரும் அழைத்திருக்கவில்லை.

"இங்க இருக்கிற வார்டுகள்ல பாதிக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவசரத்துக்குக் கால் நிமிஷம் போதும்னு சொன்னவ நான்தான். அன்னைக்கு அது போதுமா இருந்துச்சு. இந்த வேலைக்குப் போதாது. யானைக்கும் அடி சறுக்கும். நேத்து ராத்திரி ஷிப்ட்ல எல்லாக் குழந்தைக்கும் முழுசா எண்ணிப் பாத்துட்டேன்." திரும்பினார். "டாக்டர், ஒரு வீடியோ போடுங்க. எல்லாரும் எண்ணுங்க. பேசக் கூடாது."

சிலந்தி போட்டாள். திரையில் ஒரு சின்னஞ்சிறு நெஞ்சு ஏறி இறங்கியது. பெரிய டாக்டர்கள், பேராசிரியர்கள், நர்ஸ்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு எண்ணினார்கள். ஒரு நிமிடம் இவ்வளவு நீளமா என்று சிலந்திக்கே ஆச்சரியமாக இருந்தது. போன தடவை கத்திக்கொண்டு பிரிந்த கூட்டம் ஒரே குழந்தையைப் பார்த்து, ஒரே எண்ணைத் தேடிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க. சொல்லுங்க."

"அம்பத்தொன்னு" என்றது ஒரு மூலை. "அம்பத்தொன்னு", "அம்பது", "அம்பத்தொன்னு" என்று பல மூலைகளிலிருந்து வந்தது. கடைசியில் முசுடு கட்டிய கையை அவிழ்த்தார். "அம்பத்தொன்னுதான். என் வார்டுல இருந்து வந்ததும் நாலாம் வாய்ப்பாடுதான். எங்களையும் சேத்துக்குங்க."

அதன்பின் கையெழுத்து எல்லாம் மளமளவென்று முடிந்தது. சிலந்தி ஓரமாக நின்று நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைச் சுற்றி நர்ஸ்கள் கூட்டம். ஒரு வருடம் ஊர் ஊராக அலைந்து தன்னால் கட்ட முடியாததை, தப்பு என்னுடையது என்ற ஒரு பேச்சில் கட்டிவிட்டாரே என்று பெருமையில் நெஞ்சு விம்மியது, கண்ணும் கலங்கியது.

முசுடு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "டாக்டர், எங்க நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுக்க அந்தம்மாவை முதல்ல எங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கிறீங்களா?"

"நான் அனுப்புறதா? நல்லா இருக்கே! அவங்க என் நாத்தனார் சார்" என்றாள் சிலந்தி, அரங்குக்கே கேட்கும்படி. "நீங்களே போய்க் கேளுங்க. மரியாதையா கேளுங்க."