சனிக்கிழமைப் படகு

வாலு ஹெட்செட்டைத் தலையிலிருந்து பிடுங்கிச் சோபாவில் எறிந்தாள்.

"மீனே இல்லம்மா. வெறும் தண்ணிதான் இருக்கு."

அம்மா ஹெட்செட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஏழு வயது வாலுவுக்கு இடது கண் சோம்பேறிக் கண். பார்க்கிற வேலையையெல்லாம் வலது கண்ணின் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். வலது கண்ணை ஒட்டுப் போட்டு மறைத்தால், பிய்த்து எறிந்துவிடுவாள். அதனால்தான் கண் டாக்டர் இந்த விளையாட்டைக் கொடுத்தார். ஹெட்செட்டுக்குள் ஓர் ஏரி, ஒரு படகு. மீன் இடது கண்ணுக்கு மட்டும் பளிச்சென்று தெரியும். வலை வலது கண்ணுக்கு மட்டும், மங்கலாக. இரண்டு கண்ணும் கூட்டுச் சேர்ந்தால்தான் மீன் அகப்படும். பிடிக்கப் பிடிக்க, கண் தேறுகிறது என்று எண்ணி, விளையாட்டே வலது கண்ணின் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகும்.

துடுப்புப் போடுவது அப்பா. பாலம் கட்டும் வேலைக்காக வேறு ஊரில் இருக்கும் அவர், அங்கே ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வாத்து உருவத்தில் படகுக்கு வந்துவிடுவார். அவர் கிளம்பும்போது நடந்த சண்டையில், "போறதுன்னா போங்க, எனக்கொண்ணும் இல்ல" என்று அம்மா சொல்லிவிட்டாள். மனிதர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அதன்பிறகு வாலுவின் காய்ச்சல், வாலுவின் பரீட்சை தவிர இருவருக்கும் வேறு பேச்சில்லை.

வினை ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கியது. வாலு நீச்சலுக்குப் போயிருந்த நேரம் ஹெட்செட் கூப்பிட்டது. அவள் இல்லை என்று சொல்லத்தான் அம்மா அதை எடுத்து மாட்டினாள். ஹெட்செட்டுக்குள் எப்படிப் பேசுவதென்று தெரியவில்லை. எதிரே வாத்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. அச்சு அசல் அவருடைய சாய்ப்பு. கழற்ற மனம் வரவில்லை. வலையைக் கையில் எடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமையும் எடுத்தாள். அதற்கடுத்ததும்.

இப்போது ஆஸ்பத்திரியில் டாக்டர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மேசைமேல் ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் அப்பாவும் இருந்தார்.

"மத்த நாளெல்லாம் தடுமாறுறா. சனிக்கிழமை மட்டும் கழுகு மாதிரி பாக்கிறா. அதை நம்பி மெஷின் வலது பக்கத்தை முழுசா ஏத்திடுச்சு, இடது கண் மறுபடி தூங்கிடுச்சு. இந்த வயசை விட்டா கஷ்டம்மா. சனிக்கிழமை என்னதான் நடக்குது?"

சொன்னால் மானம் போகும். சனிக்கிழமையின் அந்த ஒரு மணி நேரமும் போகும். அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான் டாக்டர் விளையாடினேன்."

"அம்மா கள்ளாட்டம்!" என்று வாலு குதித்தாள்.

போனில் ஒரு கனைப்பு. "எனக்குத் தெரியும் டாக்டர். வாலு பாதி மீனை விட்டுட்டு என்கிட்ட சண்டைக்கு வருவா. சனிக்கிழமை ஆளு ஒண்ணையும் விடாது, சண்டையும் போடாது. சண்டை போடலையேன்னுதான் முதல்ல இவதான்னு நம்பவே முடியல."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"மெஷின் இப்படிக் கணக்குப் போடும்னு சத்தியமா தெரியாது டாக்டர். தெரிஞ்சிருந்தா நானே சொல்லியிருப்பேன்" என்றார் அப்பா.

"நல்ல ஜோடி! இனிமே இதுல குழந்தை கண்ணு மட்டும்தான், ஆமா." டாக்டர் வலது பக்கத்தைக் குறைத்து ஹெட்செட்டை வாலுவுக்கு மாட்டினார். வாலு கொஞ்ச நேரம் துழாவினாள். பிறகு, "மீன்! அதோ, மீன்!" என்று நாற்காலி அதிரக் கத்தினாள்.

அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். சொட்டு மருந்து விட்டவர்கள் கண்ணை மூடி வரிசையாகச் சாய்ந்திருந்தார்கள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வர மாட்டியே."

"இனிமே வர முடியாதுங்க."

"ம்."

இருவரும் போனை வைக்கவில்லை. வாலுவைப் பற்றிச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இத்தனை மாதமாக வீம்புக்கு விழுங்கி வைத்திருந்ததை அவளே கேட்டாள்.

"எப்ப வருவீங்க?"

மறுமுனையில் அவர் குரல் மாறியிருந்தது.

"மழை பிடிச்சா வேலைய நிறுத்திடுவாங்க. அன்னிக்கே கிளம்பிடுவேன்."

அவள் ஜன்னலண்டை போனாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, வானத்தில் எங்காவது ஒரு மேகம் தட்டுப்படுகிறதா என்று தேடினாள்.