விண்ணப்பத்தில் இன்னும் மனைவி

நௌபர் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது, றிஸ்மினா முன்பள்ளிப் பிள்ளைகளுக்காக வர்ணக் கடதாசியில் மீன்கள் வெட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வருடங்களாக அவன் அந்தப் படலையைத் தொட்டதில்லை. மகளைப் பார்ப்பதென்றால் சிலாவத்துறைச் சந்தியில் லொறியை நிறுத்திவிட்டு அவளுக்குப் போன் எடுப்பான்.

"ஹுஸ்னியா டியூசனுக்குப் போயிட்டாள்" என்றாள் றிஸ்மினா.

"தெரியும். உன்னோடதான் கதைக்க வந்தனான்."

அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதற்குள் இருந்த தாள்களில் மேலிருந்ததை எடுத்து, வெட்டிய மீன்களுக்கு மேல் வைத்தான். ஆங்கிலத்தில் இருந்தது. அவளுக்கு மூன்று பெயர்கள் மட்டும் சட்டென்று கண்ணில் பட்டன: அவனுடையது, மகளுடையது, அவளுடையது.

"இன்டவியூ வந்திட்டுது. இன்னும் பதினெட்டு நாள்."

எதைச் சொல்கிறான் என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. நௌபரின் மூத்த சகோதரி றம்லா அமெரிக்கப் பிரசை. தம்பி குடும்பத்தை அமெரிக்காவுக்கு எடுப்பதற்காக அவள் விண்ணப்பம் போட்டுப் பதினேழு வருடங்கள் முடிந்துவிட்டன. அப்போது நௌபரும் றிஸ்மினாவும் புத்தளத்து அகதிக் குடியிருப்பில் கலியாணம் முடித்து ஆறு மாதம். பிறகு ஹுஸ்னியா பிறந்தாள், யுத்தம் முடிந்தது, சிலாவத்துறைக்குத் திரும்பி வந்து வீடு கட்டினார்கள், அந்த வீட்டுக்குள் கலியாணமும் முறிந்தது. விண்ணப்பம் மட்டும் எங்கோ ஒரு கந்தோரில் தன் முறைக்காக வரிசையில் நின்றுகொண்டே இருந்திருக்கிறது.

"எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நான் இப்ப உங்கட மனிசி இல்லையே."

"அது இஞ்ச உள்ள ஆக்களுக்குத்தான் தெரியும்" என்றான் நௌபர். குரல் தாழ்ந்தது. "அங்க ஒருத்தருக்கும் தெரியாது. றம்லா ராத்தாவும் அதைத்தான் சொல்றா. மூண்டு பேரும் ஒண்டாப் போவம். இறங்கின பிறகு நீ உன்ர பாட்டில இரு. ஹுஸ்னியாவோட இருக்கலாம். நான் ஒண்டும் கேக்க மாட்டன். வியாழக்கிழமைக்கிடையில சொல்லு."

உறையை அங்கேயே விட்டுவிட்டு அவன் போன பிறகும் அவள் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

விவாகரத்தைக் கேட்டு வாங்கியவள் அவள். நௌபர் அடிக்கிறவன் அல்ல, குடிக்கிறவனும் அல்ல. லொறியில் சவாரி போகும்போது வாசற்கதவில் வெளியிலிருந்து ஆமைப்பூட்டைப் போட்டுவிட்டுப் போவான். முதலில் ஒரு நாள், பிறகு இரண்டு நாள். ஒருமுறை தம்புள்ளைக்குப் போனவன் மூன்றாம் நாள்தான் வந்தான். அதற்குள் மகளுக்குக் காய்ச்சல் கூடி, ஜன்னல் கம்பிக்கூடாக அவள் கத்திக் கத்தி அயலாரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. முஸ்லிம் விவாகரத்து வழக்குகளை விசாரிக்கும் காதியார் முன்னாலும், கூட உட்கார்ந்திருந்த மூன்று ஆண்கள் முன்னாலும் அதை அவள் தன் வாயாலேயே சொன்னாள். ஒரு தடவை அல்ல, ஐந்து அமர்வுகள். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர், "அடிக்கவில்லைத்தானே?" என்று கேட்டார். கடைசியில் தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. அந்தப் பத்திரம் அலுமாரிக்குள் இருக்கிறது. இப்போது அது இல்லை என்று சொல்லச் சொல்கிறார்கள்.

டியூசன் முடிந்து வந்த ஹுஸ்னியாவிடம் அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. பெண்ணுக்குப் பதினாறு வயது. சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு, உயர்தர வகுப்புக்கு முன்கூட்டியே டியூசன் போகிறாள்.

"உம்மா, நீங்க வராட்டி நானும் போகமாட்டன்."

"அப்பிடிச் சொல்லாத."

"அப்ப வாங்கோவன். ஒரு பொய்தானே."

சொல்லிவிட்டு மகள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் ஆசை இருந்தது. மகள் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு பொய்தானே என்று அன்று முழுவதும் தனக்குள்ளேயே பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள்.

மறுநாள் மன்னாருக்கு பஸ் ஏறினாள். முன்பள்ளிக்கு அருகே குடியிருக்கும் றஸ்னா, சட்டத்தரணி அன்ரோனெற்றின் பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தாள். அன்ரோனெற் மிஸ் ஐம்பது வயதுக்காரி. நௌபர் விட்டுப்போன தாள்களில் முதல் இரண்டையும் நிதானமாக வாசித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதில பிரதான விண்ணப்பதாரி உங்கட முந்தின கணவர். அவருக்கு மனைவி எண்டபடியால்தான் உங்களுக்கும் இடம். கலியாணம் முடிஞ்சால் அந்த இடமும் முடிஞ்சுது. அதில கதைக்க ஒண்டுமில்ல."

"மகளுக்கு?"

"மகள் அவருக்கு எப்பவும் மகள்தானே. விவாகரத்து அவள்ர இடத்தை வெட்டாது. ஆனா பதினெட்டு வயசு ஆகேல்ல, அவள் உங்கட பொறுப்பில இருக்கிறாள். அதால நீங்கள் சம்மதம் எழுதிக் குடுக்கவேணும்."

"மறைச்சுப் போனால், மிஸ்?"

"பிடிபட்டால் நீங்கள் சீவியத்துக்கும் போக ஏலாது. அவருக்கும் சிக்கல். அவர் வழியாப் போற பிள்ளைக்கும் சிக்கல். இஞ்ச விவாகரத்துப் பதிவில இருக்கு. ஊரில ஒரு ஆள் ஒரு கடிதம் போட்டால் போதும்." அன்ரோனெற் கண்ணாடியை மறுபடி போட்டுக் கடைசித் தாளைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. "இதை ஆர் நிரப்பினது?"

"எதை?"

"உங்கட பேரில ஒரு படிவம் இணையத்தில போயிருக்கு. ரெண்டு கிழமைக்கு முந்தி. விவாகநிலை: மணமானவர். உண்மை எண்டு உறுதி சொல்லி உங்கட பேரும் கீழ இருக்கு."

றிஸ்மினா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். அவளுடைய அடையாள அட்டை இலக்கம் சரியாக இருந்தது. பிறந்த தேதி சரி. தாய் தகப்பன் பெயரும் சரி. வியாழக்கிழமைவரை தவணை கொடுத்தவன், அவளிடம் கேட்க வருவதற்கு முன்பே அவளுக்காகப் பதிலும் சொல்லிவிட்டான்.

"நேர்முகத்துக்கு முன்னம் நீங்களாகத் திருத்தினால் ஒரு கதை" என்றார் அன்ரோனெற். "தூதரகத்துக்குப் போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதிகாரி கேட்ட பிறகு எண்டால் வேற கதை."

மன்னார் நகருக்குள்ளேயே இருந்த உப்புக்குளத்துக்கு அவள் நடந்தே போனாள். நௌபர் தன் தம்பி வஸீரின் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தான். அவள் போனபோது அவன் வீடியோ அழைப்பில் றம்லாவோடு பேசிக்கொண்டிருந்தான். வேறு எவரும் வீட்டில் இல்லை. அவளைக் கண்டதும் போனை அவள் பக்கம் திருப்பினான்.

"வா றிஸ்மினா!" என்றாள் றம்லா. அவளுக்கு அங்கே காலை. தலையில் துவாய் கட்டியிருந்தாள். "ஓம் எண்டு சொல்லத்தானே வந்தனீ?"

"மதினி, என்ர பேரில படிவம் அனுப்பினது ஆர்?"

றம்லா தலைத் துவாயை இறுக்கிக் கட்டினாள்.

"நான்தான் நிரப்பினன். நாள் போய்க்கொண்டிருந்தது. மூண்டு பேரையும் ஒண்டா எடுக்கத்தான் பதினேழு வருசம் காத்திருந்தனான். இப்ப வந்து நீ பேப்பரைப் பாக்கிறியா?"

"திருத்துங்கோ. விவாகரத்து எண்டு போடுங்கோ. நான் சம்மதக் கடிதம் தாறன், ஹுஸ்னியா வாப்பாவோட வரட்டும்."

"பைத்தியமா உனக்கு? உள்ளதைச் சொல்லப் போய் எல்லாம் நிண்டு போனால்?"

"நிண்டால் நிக்கட்டும். இல்லாட்டி நானே எழுதுறன். அன்ரோனெற் மிஸ் கடிதம் அடிச்சு வச்சிருக்கிறா. கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

நௌபர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். அவன் முகம் கறுத்திருந்தது. "நீ எழுதினால் நாங்கள் பொய்க்காரர் எண்டு ஆகும். என்னை அழிக்கிறதுக்கெண்டே வந்தனீயா?" என்று எழுந்தவன், இரண்டு எட்டில் வாசலுக்குப் போய்க் கதவை இழுத்துச் சாத்தினான். அயலுக்குக் கேட்கக் கூடாதென்று நினைத்திருக்கலாம். ஆனால் கதவு அடைபட்ட சத்தத்தில் றிஸ்மினாவின் கால்கள் தாமாகவே பின்வாங்கின. முதுகு சுவரில் முட்டியது. கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். மூச்சு மேலே ஏறியது, கீழே இறங்கவில்லை.

நௌபர் திரும்பிப் பார்த்தான்.

காதியார் முன்னால் அவள் சொன்னதையெல்லாம் அவன் தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டிருந்தான். "பாதுகாப்புக்குத்தான் பூட்டினனான்" என்பதே அவனுடைய பதிலாக இருந்தது, ஐந்து அமர்வுகளிலும். சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் இந்தப் பெண்ணை அவன் அன்றுதான் முதல்தடவையாகப் பார்த்தான்.

மேசையில் கவிழ்ந்திருந்த போனுக்குள்ளிருந்து றம்லா ஏதோ கத்திக்கொண்டிருந்தாள்.

அவன் கதவை அகலத் திறந்தான். திறந்துவிட்டு வெளியே போய் முற்றத்தில் நின்றான், அவள் வெளியேறுகிற வழியை மறைக்காமல், ஒதுங்கி.

"போ" என்றான். "கடிதத்தைக் குடு. நானும் கையெழுத்து வைக்கிறன். ராத்தாவோட நான் கதைக்கிறன்."

றிஸ்மினா படலைவரை நடந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அதன் பிறகும் அவனை நம்பவில்லை. நேராக அன்ரோனெற்றிடம் போய்த் தன் கையெழுத்தை வைத்தாள். காதி நீதிமன்றப் பத்திரம் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, கடிதத்தோடும் மகளுக்கான சம்மதப் பத்திரத்தோடும் தூதரகத்துக்குப் போனது. அது போவதற்கு முன், வெள்ளிக்கிழமை, நௌபரும் சொன்னபடி வந்து கையெழுத்திட்டிருந்தான்.

நேர்முகத்தில் தகப்பனையும் மகளையும் நெடுநேரம் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டார்கள். முதல் படிவம் ஏன் பிழையாக வந்தது என்று கேட்டார்கள். ராத்தாதான் நிரப்பினா, நானும் தெரிஞ்சுகொண்டு பேசாமல் இருந்தனான் என்று நௌபர் உள்ளதைச் சொன்னதாக ஹுஸ்னியா வந்து சொன்னாள். பதில் உடனே வரவில்லை. இன்னும் விசாரிக்க வேண்டும் என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மூன்றரை மாதம். றம்லா ஒருநாளும் றிஸ்மினாவுக்குப் போன் எடுக்கவில்லை. ஊரில் சிலர், பிள்ளையின் வாழ்க்கையைத் தாயே கெடுத்துவிட்டாள் என்று அவள் காதுபடவே பேசினார்கள். ஹுஸ்னியா உயர்தர வகுப்பில் சேர்ந்து போய்வந்தாள். ஒருநாள் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "உம்மா, நீங்க அண்டைக்கு ஓம் எண்டு சொல்லியிருக்கலாம்" என்றாள். றிஸ்மினா கோப்பையை எடுத்து மூடி வைத்தாள்.

கடைசியில் இரண்டு கடவுச்சீட்டுகளும் விசாவோடு திரும்பி வந்தன.

போகிற நாள் காலையில் நௌபர் வாகனத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவராமல் சந்தியிலேயே நிறுத்தியிருந்தான். பெட்டியைத் தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கடற்காற்றில் ஹுஸ்னியாவின் முக்காட்டு நுனி பறந்து பறந்து தாயின் கையில் பட்டது.

"உம்மா, நான் அங்க பிரசையாகி, இருபத்தொரு வயசும் முடிஞ்சால் உங்களைக் கூப்பிடலாமாம். வாப்பா வழியா இல்ல, என்ர வழியா. நான் வாசிச்சுப் பாத்தனான்."

"எத்தினை வருசமாகும்?"

"ஒரு ஆறு."

"அப்ப கேள்" என்றாள் றிஸ்மினா. பெட்டியின் பிடியைக் கை மாற்றிக்கொண்டாள். "எனக்கு வர விருப்பமோ எண்டு முதல்ல என்னைக் கேள். பிறகு படிவத்தை நிரப்பு."

ஹுஸ்னியா சிரிக்கத் தொடங்கினாள். சந்திக்குப் போய்ச் சேருவதற்குள் அழுதுகொண்டிருந்தாள்.