ஹாஜியார் மனையில் எங்கள் வீடு

வீடு எங்களுடையது. அது நிற்கிற மண் ஹாஜி துல்காமித்துடையது. எங்கள் ஊரில் பாதிப் பேரின் நிலைமை இதுதான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான்கு தேக்குத் தூண்களும் என் அப்பா கொடுத்தவை. மூங்கில் தட்டிகளை என் புருஷன் மார்ஜுகி தன் கையால் முடைந்தார். வாசலில் நிற்கிற ஆறு தென்னையும் ஒரு பலாவும் ஹாஜியாருடையவை. மட்டை விழுந்தால் எங்களுக்கு, காய் விழுந்தால் அவருக்கு. வாடகை என்று எதுவும் கிடையாது. அதற்குப் பதிலாகக் கூப்பிட்ட நேரத்தில் போய் நிற்க வேண்டும். அவர் வயலில் நாற்று நட, அவர் கிணற்றைத் தூர் வார, அவர் வீட்டு விருந்தில் பாத்திரம் தேய்க்க என்று பன்னிரண்டு வருஷம் போய் நின்றோம்.

கோபம் வந்தால் ஒரே வார்த்தைதான் சொல்வார். "தூக்கிட்டுப் போ." வீட்டைத் தூக்குவது பெரிய காரியமில்லை. தூணைப் பிடுங்கி, தட்டியைக் கழற்றி, இருபது ஆம்பளைகள் தோள் கொடுத்தால் ஒரு பகலில் முடிந்துவிடும். எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பதுதான் கேள்வி. சொந்த மனை இல்லாதவனுக்கு அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

அந்த வருஷம் ஊர்த்தலைவர் தேர்தல் வந்தது. ஹாஜியார் நின்றார், சின்னம் நெற்கதிர். எதிரே பள்ளிக்கூட வாத்தியார் சுராதி, சின்னம் சோளக்கதிர். ஹாஜியார் தன் மனையிலிருந்த ஏழு வீட்டுக்கும் வந்து ஆளுக்கு ஒரு பொட்டலம் சர்க்கரை கொடுத்தார். "நெல்லுல குத்துங்க. ரொம்ப யோசிக்காதீங்க" என்றார். நாங்களும் தலையை ஆட்டினோம்.

தேர்தலன்று என் கையில் ஒரு சீட்டையும் ஆணியையும் கொடுத்து மூங்கில் மறைப்புக்குள் அனுப்பினார்கள். வேண்டிய சின்னத்தில் ஆணியால் ஓட்டை போட வேண்டும், அதுதான் ஓட்டு. உள்ளே ஒரு மேஜை மட்டும் இருந்தது. யாரும் என்னைப் பார்க்காத இடத்தில் நான் நிற்பது அதுதான் முதல் தடவை என்று சட்டென்று உறைத்தது. கூடவே நோன்புப் பெருநாள் ஞாபகமும் வந்து தொலைத்தது. அன்று ஹாஜியார் சம்சாரம் சமையலறையில் அத்தனை பேர் முன்னால் என் மகள் துமினாவின் துணியை உதறிப் பார்த்தாள், கறித்துண்டு ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறாளா என்று. ஒன்றும் விழவில்லை. பெண்ணுக்குப் பதினோரு வயது. மூன்று நாள் அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆணி சோளத்தில் இறங்கியது. கை நழுவிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், ஓங்கித்தான் குத்தினேன்.

வெளியே வந்து மார்ஜுகியிடம், "நெல்லு" என்றேன்.

"நானும் நெல்லுதான்" என்றார் அவர்.

ஹாஜியார் ஒன்பது ஓட்டில் தோற்றார்.

மூன்றாம் நாள் காலையில் வந்தார். பாய் விரித்தேன், உட்காரவில்லை. காப்பி கொடுத்தேன், தொடவில்லை.

"வாத்தியான் ரெண்டு தடவ ஒன் வீட்டுல காப்பி குடிச்சிட்டுப் போயிருக்கான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா மார்ஜுகி?"

"புள்ளைய மேல படிக்க வைக்கச் சொல்லி வந்தாருங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

"ஒம்பதே ஓட்டு. என் மனையில இருக்கறது பதினேழு ஓட்டு. கழிச்சுப் பாக்கத் தெரியாதவனா நானு?"

"நான் நெல்லுலதான் குத்துனேன் ஹாஜியாரே."

"ஏழு வீட்டுக்காரனும் இதத்தான் சொல்றான். சரி, ஒன்னை வச்சு ஆரம்பிக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிஞ்சதும் பள்ளிவாசல்ல கபன் துணிக்குள்ள படுத்துச் சத்தியம் பண்ணு. பண்ணிட்டா ஒன் பேரன் காலம் வரைக்கும் இங்கயே இருக்கலாம். மாட்டேன்னா அடுத்த புதன்கிழமைக்குள்ள தூணப் புடுங்கிக்க."

கபன் சத்தியம் எங்கள் பக்கத்தில் விளையாட்டல்ல. உயிரோடு இருக்கிறவனை பிணத்தைப்போல வெள்ளைக் கபன் துணியில் சுற்றி, தலை, இடுப்பு, கால் என்று முடிச்சுப் போட்டுப் படுக்க வைப்பார்கள். பொய்ச் சத்தியம் செய்தவன் நாற்பது நாள் தாண்ட மாட்டான். மேற்கூர் கார்சான் ஒரு எருமை விவகாரத்தில் அப்படிப் படுத்து எழுந்தவன்தான், முப்பத்தாறாம் நாள் வாய்க்காலில் குப்புறக் கிடந்தான். தூக்கியவர்களில் மார்ஜுகியும் ஒருவர்.

ஆனாலும் அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பண்றேன்" என்றார்.

ஹாஜியார் போனதும் என் மனதை நானே தேற்றிக்கொண்டேன். இவர் குத்தியது நெல்லில். தனக்காக இவர் சத்தியம் செய்தால் அது உண்மைச் சத்தியம். என் சோளம் என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும். நடுவில் இரண்டு தடவை சொல்லிவிட நாக்கு எழுந்தது. சொன்னால் இந்த மனுஷன் அந்தத் துணிக்குள் படுக்க மாட்டார், இடம் போய்விடும். வாயைக் கட்டிக்கொண்டேன்.

இரண்டு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வியாழக்கிழமை கூரை மேல் ஏறி உடைந்த ஓடுகளை எல்லாம் மாற்றினார். கிணற்றுக் கயிற்றையும் மாற்றினார். இடம் நிலைத்துவிடும் என்ற தெம்பில் செய்கிறார் என்று நினைத்தேன்.

"பயமா இல்லையா துமினா அப்பா?"

"நெல்லுல குத்துனவனுக்கு என்ன பயம்?"

"அப்ப ஏன் சோத்த அப்பிடியே வச்சிருக்கீங்க?"

"வயிறு சரியில்ல. நீ சாப்புடு."

வெள்ளிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. தொழுகை முடிந்தும் ஒருவரும் கலையவில்லை. பெண்கள் நாங்கள் பள்ளிவாசலின் வெளிக்கூடத்தில் நின்றோம், அங்கிருந்தே எல்லாம் தெரிந்தது. துமினா என் சேலையை விடவில்லை. ஹாஜியார் மனையின் மற்ற ஆறு குடும்பங்களும் ஒரு மூலையில் ஒண்டி நின்றார்கள். அடுத்தது யார் என்பதுதான் அவர்கள் கவலை.

சத்தியம் பண்ணினால் இந்தக் குடும்பத்துக்கு இடம் நிரந்தரம் என்று ஹாஜியார் ஊர் முன்னால் வாக்குக் கொடுத்தார். பாங்கு சொல்கிற மோதினார் துணியைச் சுற்றினார். முகம் மறைந்தது. மூன்று முடிச்சும் விழுந்தன. பன்னிரண்டு வருஷம் என் பக்கத்தில் படுத்த மனுஷன் ஒரு வெள்ளை மூட்டையாகக் கிடந்தார். துமினா அழ ஆரம்பித்தாள். "உண்மைய சொல்றவருக்கு ஒண்ணும் ஆகாதுடி" என்று அவள் காதில் சொன்னேன், எனக்கும் சேர்த்துத்தான்.

மோதினார் வேதத்தை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். அப்போது ஹாஜியார் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம். 'நான்'னு மட்டும் சொன்னா போதாது. 'நானும் என் பொண்டாட்டியும்'னு சொல்லட்டும்."

மோதினார் தயங்கினார். "அந்தம்மா ஓட்டுக்கு இவரு எப்பிடி ஹாஜியாரே பொறுப்பாவாரு?"

"ஒரு வீட்டுல ரெண்டு வாயா? அவன் பொண்டாட்டி எதுல குத்துனான்னு அவனுக்குத் தெரியாதா? தெரியலன்னா அவன் என்ன ஆம்பள?"

யாரோ சிரித்தார்கள். துணிக்குள்ளிருந்து, "சரி, சொல்றேன்" என்று குரல் வந்தது. அடப்பாவி மனுஷா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. ஏன் கேட்க வேண்டும்? நெல்லு என்று நான்தானே சொல்லியிருந்தேன். நம்பிவிட்டார்.

"அல்லாஹ்வின் மேல் ஆணையாக" என்றார் மோதினார்.

"அல்லாஹ்வின் மேல் ஆணையாக" என்றது துணி.

"இந்தத் தேர்தலில் நானும்."

"இந்தத் தேர்தலில் நானும்."

"என் மனைவி பொனிராவும்."

நாற்பது நாளை மனசு தானாகவே எண்ணியது. அறுவடைக்கு முன்னால் வரும். வாயை மூடிக்கொண்டால் வீடு நிற்கும், திறந்தால் இவர் நிற்பார். கார்சானைத் தூக்கி வந்த அன்று அவன் வாயிலிருந்து சேறு வழிந்ததைப் பார்த்தவள் நான்.

"என் மனைவி பொனிரா..." என்று துணி ஆரம்பித்தது.

"சோளம்!" என்று கத்தினேன். "நான் சோளத்துல குத்துனேன்! அவருக்குத் தெரியாது, நான் பொய் சொல்லிட்டேன். அவரை அவுத்து விடுங்க!"

ஹாஜியார் மெதுவாகத் திரும்பினார். முகத்தில் கோபம்கூட இல்லை, தான் சொன்னது சரியாகிப்போன திருப்திதான் இருந்தது.

"கேட்டுக்கிட்டீங்களா? பன்னெண்டு வருஷம் என் மண்ணுல குந்தித் தின்னவ."

"குந்தித் தின்னேனா?" என்றேன். பயம் எங்கே போனதோ தெரியவில்லை. "ஒங்க வீட்டுச் சட்டியில என் கைரேகை தேஞ்சு கெடக்கு. என் புள்ளை துணிய உதறுனீங்களே, என்ன விழுந்துச்சு? அதுக்குத்தான் குத்துனேன். அவரு நெல்லுலதான் குத்துனாரு. அவரை விட்டுடுங்க."

அப்போது துணி அசைந்தது.

"அவ மட்டும் இல்ல" என்றார் மார்ஜுகி உள்ளேயிருந்து. "நானும் சோளந்தான்."

மோதினார் வேதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். அந்த ஆறு குடும்பமும் தரையைப் பார்த்தது. அதில் ஒருத்தர்கூடத் தலையை நிமிர்த்தவில்லை என்பதை ஹாஜியாரும் கவனித்தார். அவர் முகத்திலிருந்த திருப்தி மெல்லக் கழன்றது.

"புதன்கிழமை" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

நான் உள்ளே ஓடினேன். பெண்கள் நுழையக்கூடாது என்று ஒருவரும் தடுக்கவில்லை. தலை முடிச்சை அவிழ்த்தேன். முகமெல்லாம் வியர்வை, கண் சிவந்திருந்தது. அந்த முகத்தில் ஓங்கி ஒரு அறை விட்டேன். ஊரே பார்த்தது, பார்க்கட்டும்.

"சோளத்துல குத்திட்டு எதுக்குய்யா இங்க வந்து படுத்த?"

"செத்தா நான் ஒருத்தன்தான பொனிரா" என்றார். "நாப்பது நாள்ல போயிருவேன். ஹாஜியாரு ஊரு முன்னால வாக்குக் குடுத்துட்டாரு, மாத்த முடியாது. நீயும் புள்ளையும் அந்த எடத்துலயே இருப்பீங்கன்னு பாத்தேன். இப்பப் போச்சு."

எனக்கு அழுகை பீறிட்டது. கார்சானின் உடம்பைச் சுமந்தவர் இவர். என்ன வரும் என்று முழுக்கத் தெரிந்துதான் படுத்திருக்கிறார்.

"போகட்டும்" என்றேன். "ஆளு இருந்தா வீட்டைத் தூக்கிட்டுப் போகலாம். எந்திரிங்க."

"எங்க கொண்டுபோயி நிறுத்துறது?"

"எனக்கென்ன தெரியும்? மொதல்ல எந்திரிங்க."

துமினா வந்து அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நான் இடுப்பு முடிச்சை அவிழ்த்துவிட்டுக் கால் முடிச்சுக்கு வந்தேன். மோதினார் அதை இறுக்கிப் போட்டிருந்தார், அவிழ்க்க வெகுநேரம் பிடித்தது.