வழிவிட்டு நிற்கும் படைகள்

ஷிராஸ் நகரத்துப் பல் மருத்துவர் ஹூஷாங்கின் சாப்பாட்டு மேசையில் ஒருமுறை விழுந்த ஈய வீரர்கள் மறுபடி எழுந்து நிற்பதில்லை. விரல் உயரப் பொம்மைகள்தான். ஆனால் பகடை ஒருவனைக் கொன்றுவிட்டால், பசை தடவினாலும் ஆணி அடித்தாலும் அவன் சாய்ந்துவிடுவான். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹூஷாங் நடத்திய பாரசீகப் படை ஆட்டத்துக்கு ஆட்டம் குறைந்துகொண்டே வந்தது. எதிரே கிரேக்கப் படையை நடத்தியவர் கார் மெக்கானிக் ஹக்கோப், ஆர்மீனியர். எண்ணெய் படிந்த விரல்களால் அவர் ஈட்டி வரிசையை நகர்த்தும் அழகைப் பார்த்துக்கொண்டே ஹூஷாங் தோற்றதுண்டு.

பல் அச்செடுக்கும் மாவில் அச்சு செய்து, ஈயம் வார்த்து, ஒன்பது வருடங்களில் ஆயிரத்து இருநூறு பேரை ஹூஷாங் உருவாக்கியிருந்தார். ஒருவன் முகம் இன்னொருவனுக்கு இல்லை. கொடி பிடிப்பவனுக்குத் தம்பி சியாமக்கின் முகம். ஈராக் போரின்போது பத்தொன்பது வயதில் தெற்குப் போர்முனைக்குப் போனவன், உடல்கூடத் திரும்பவில்லை. இவனையாவது ஆட்டத்தில் சேர்க்காமல் எடுத்து வைக்கலாமே என்று மனைவி மஹீன் கேட்டாள். "அவனைப் பெட்டிக்குள்ள வைக்க என்னால முடியாது" என்றார் ஹூஷாங்.

ஒரு இலையுதிர்கால வெள்ளிக்கிழமை கிரேக்க ஈட்டிகள் அந்தக் கொடிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வந்து நின்றன. முதலில் நகர்பவருக்கே வெற்றி. பகடை ஹக்கோப்புக்கு விழுந்தது. அவர் கொடிக்காரனின் முகத்தைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்தார்.

"டாக்டர், நீங்க ஆரம்பிங்க."

"ஐயோ, உங்க முறை, ஹக்கோப்."

"என் தலைமேல சத்தியம், நீங்கதான்."

"உங்களுக்கு முன்னாடி நான் கை வைக்கிறதா? நடக்காது."

"கெஞ்சிக் கேக்கறேன், டாக்டர்."

ஷிராஸில் வாசல்படியில்கூட, மரியாதைக்கு "நீங்க முதல்ல" என்று இரண்டு மூன்று தடவை மறுத்த பிறகே மனிதர்கள் நுழைவார்கள். இந்தத் தடவை தலையாட்டினால் போதும், தம்பி பிழைப்பான். ஹூஷாங்குக்கு அது தெரியும். ஆனாலும் ஐம்பத்தெட்டு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. "இல்ல, இல்ல, நீங்கதான்" என்றார்.

தேநீர்த் தட்டோடு நின்ற மஹீன் கத்தினாள்: "ஒத்துக்கிட்டுத் தொலையேன், மனுஷா! அங்க நிக்கிறது உன் தம்பி!"

சொன்ன சொல்லை ஹூஷாங்கால் திரும்ப வாங்க முடியவில்லை. அதற்கு மேல் மறுக்க ஹக்கோப்பாலும் முடியவில்லை. மனமில்லாமல் விரலை நீட்டி முன்வரிசையைத் தொட்டார். வரிசை நகரவில்லை. கிரேக்கர்கள் ஈட்டிகளை நிமிர்த்தி, பக்கவாட்டில் ஓர் எட்டு ஒதுங்கி, நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்தினார்கள். பாரசீகர்களும் அப்படியே ஒதுங்கி, அவர்களை முதலில் போகச் சொல்லி நின்றார்கள்.

ஹக்கோப் விரலை எடுத்துக்கொண்டார். "உங்க வீட்டு டீ வாசனையிலயே என் ஆளுங்க கெட்டுப்போயிட்டாங்க, டாக்டர்."

அன்று முதல் அந்த வீட்டில் தரையில் விரிப்பு போட்டுத்தான் சாப்பாடு. பதினாறு வருடங்களாகியும் இரண்டு படைகளில் ஒன்றுகூட முதல் அடி எடுத்து வைக்கவில்லை. ஹக்கோப் வெள்ளிக்கிழமைகளில் வருகிறார். இருவரும் மேசையருகே உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். போன வசந்தத்தில் தூசி தட்டும்போது, சியாமக்கின் மீசை நரைக்கத் தொடங்கியிருப்பதை ஹூஷாங் பார்த்தார். கறுப்பு வண்ணப் புட்டியைத் திறந்தார். தூரிகையை நனைக்காமலே மூடி வைத்தார்.