லிண்டன்ஹாங் பாடசாலையின் பதின்மூன்றாவது அறை

2024ஆம் ஆண்டு நவம்பர் பன்னிரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் உள்ள லிண்டன்ஹாங் ஆரம்பப் பாடசாலையில் ஒரு வகுப்பறை கூடியிருந்தது. முதல்நாள் பின்நேரம் வரை அங்கே பன்னிரண்டு அறைகள்தான். காலை ஆறேகாலுக்கு மேல்மாடி விளக்குகளைப் போட வந்த காவலாளர் சிவராம், ஏழாம் அறைக்கும் எட்டாம் அறைக்கும் நடுவில், வெறும் சுவர் இருந்த இடத்தில், பச்சைக் கதவு ஒன்றைக் கண்டார். திறந்தார். இருபத்தெட்டுக் கதிரைகள், ஒரு கரும்பலகை, அகலமான யன்னல். யன்னலுக்கு வெளியே மே மாதம், காலை பத்து மணி வெயில். கஸ்தானிய மரங்கள் பூத்திருந்தன. விறாந்தையின் மறுபக்க யன்னலில் பனியும் மழையும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. அவர் அளவுநாடாவை எடுத்து விறாந்தையை அளந்தார். வரைபடத்தில் முப்பத்தொரு மீற்றர், நாடாவில் முப்பத்தொன்பது. கீழே இறங்கி வெளிச்சுவரை அளந்தார். முப்பத்தொன்றேதான். நாடாவில் பிழையில்லை என்று தெரிந்ததும் நாட்குறிப்பில், “மேல்மாடியில் ஓர் அறை கூடுதல். பூட்டு நல்ல நிலையில். யன்னல் திறக்கிறது” என்று எழுதிவிட்டு, பனியில் வழுக்காமல் வாசற்படிகளுக்கு உப்புப் போடப் போனார்.

அந்த நேரத்தில் பாடசாலை இருந்த நிலைமையையும் சொல்ல வேண்டும். உடற்பயிற்சி மண்டபம் மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்தது. கூரைத் துண்டுகள் விழுந்தன. சிறுமிகளின் கழிவறையில் பாதிக்கு மேல் பாவனையில் இல்லை. மழை பெய்தால் விறாந்தையில் மூன்று வாளிகள் வைக்க வேண்டும். மாநகரசபையும் பாவம்தான், அதுவே கடனில் மூழ்கி, ஒரு கதவுப்பிடி வாங்கவும் மேலிடத்தைக் கேட்க வேண்டிய நிலையில் இருந்தது. ஆண்டுதோறும் திருத்த வேலைக்கு அன்ராக் என்கிற விண்ணப்பம் போகும். ஆண்டுதோறும் திகதி மட்டும் மாறிய அதே பதில் வரும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான வாசிப்புச் சோதனையில் நகரத்திலேயே கடைசி இடம் லிண்டன்ஹாங்குக்குத்தான். இதற்கு மேல் புதுச் சட்டம் ஒன்றும் வந்தது. 2026 ஆகஸ்டிலிருந்து முதலாம் வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்நேரப் பராமரிப்புக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும். கணக்குப் பார்த்தால் ஓர் அறை குறைந்தது. 2025 முடிவதற்குள் அந்த அறையைக் காட்டாவிட்டால் பாடசாலையை மூடி, நூற்று நாற்பத்து மூன்று பிள்ளைகளையும் ஆற்றுக்கு அந்தப்பக்கமுள்ள பெரிய பாடசாலைக்கு அனுப்புவதென்று முடிவாகியிருந்தது. ஆகவே பச்சைக் கதவைக் கண்டபோது சிவராமுக்கு முதலில் வந்த எண்ணம், இது எங்கிருந்து வந்தது என்பதல்ல. இதைக் கணக்கில் சேர்ப்பார்களா என்பதுதான்.

அவருக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. இருபது வயதில் இந்த நாட்டுக்கு வந்தவர், உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு வெப்பமூட்டி பொருத்தும் வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்து, பதினான்கு வருடமாக இந்தப் பாடசாலையில் இருந்தார். அவருடைய மகள் தக்சாயினி படித்ததும் இங்கேதான். நாலாம் வகுப்பு முடிவில், பிள்ளை வாசிப்பில் பிந்தியிருக்கிறாள், பல்கலைக்கழகம் போகிற பாதை அவளுக்குச் சரிவராது என்று அன்றைய ஆசிரியை சொன்னபோது, சிவராம் “ஓம்” என்று கையெழுத்து வைத்தார். தக்சாயினி ஒன்பது வருடம் சுற்றிவளைத்துப் படித்து இப்போது ஆஸ்பத்திரித் தாதியாக இருந்தாள். அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அந்த ஒரு “ஓம்” மட்டும் அவருக்கு மறக்கவேயில்லை.

டிசம்பர் முதல் கிழமையில் லாரா என்ற ஆசிரியையின் வகுப்பறைக் கூரை ஒழுகி, மூன்றாம் வகுப்பு ‘அ’ பிரிவுக்கு உட்கார இடமில்லாமல் போனது. சிவராம் அவர்களைப் பச்சைக் கதவுக்குள் கூட்டிக்கொண்டு போனார். லாராவுக்கு வயது முப்பத்து மூன்று; இரண்டு ஆசிரியர்களின் வேலையை ஒருத்தியாகச் செய்துவந்தவள். அன்று இருபத்து நான்கு பிள்ளைகளையும் ஒவ்வொருவராக ஒரு பக்கம் சத்தமாக வாசிக்க வைத்தாள். ஒருவரையும் இடையில் நிறுத்தவில்லை. இடைவேளை தப்பிப்போயிருக்கும் என்று பதறிக்கொண்டு வெளியே வந்தால், விறாந்தை மணிக்கூட்டில் பத்து நிமிடம்தான் போயிருந்தது.

“உங்கள் மணிக்கூடு நின்றுவிட்டது, ஹெர் சிவராம்,” என்றாள்.

“அது நிக்கேல்லை. நான் இந்தப் படியைக்கூட இன்னும் கூட்டி முடிக்கேல்லை,” என்றார் அவர், தமிழிலும் ஜெர்மனிலுமாக. தும்புத்தடி கையில் இருந்தது.

மணிக்கூட்டு முள் நகர்வதை லாராவும் கண்டாள். பிறகு பிள்ளைகளைத் திரும்ப உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்படியே நடந்தது. எழுத்தைக் கண்டாலே வயிற்றுவலி என்று சொன்ன பிள்ளைகள், அவசரப்படுத்த ஆளில்லாததால் மெல்ல மெல்ல வாசித்தார்கள். சிவராம் பின்வரிசையில் இருந்து உடைந்த கதிரைகளைத் திருத்திக்கொண்டு கேட்டார். பச்சைக் கதவைத் திறந்து வைத்தால் மே மாதத்து வெதுவெதுப்பு விறாந்தை நெடுகப் பரவியது. அதனால் மேல்மாடி வெப்பமூட்டிகளை மூடிவிட்டார். எரிவாயுச் செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2025 மே மாத வாசிப்புச் சோதனையில் மூன்றாம் வகுப்பு ‘அ’ நகரத்துச் சராசரியைத் தாண்டியது. கல்வி அலுவலகத்திலிருந்து இரண்டு பேர், ஏதோ மோசடி என்ற சந்தேகத்தில் வந்து, உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தின் கையேட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் வாசித்தார்கள். எந்த உடுப்பை எந்தச் சூட்டில் போடக்கூடாது என்றும் விளங்கப்படுத்தினார்கள்.

ஜூன் மாதத்தில் கிருசாந்தி வந்தாள். பேக்கரியில் வேலை செய்பவள். அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள். மகன் ஐங்கரன் லாராவின் வகுப்பு. மகள் ஆரபி பக்கத்து ‘ஆ’ வகுப்பு. ஒரு பையில் இரண்டு சோடிச் சப்பாத்துகளுடன் நேரே சிவராமின் அறைக்குள் நுழைந்தாள்.

“அண்ணை, இதைப் பாருங்கோ. ரெண்டு சோடியும் ஒரே நாள் ஒரே கடையில வாங்கினது. பெட்டைக்கு அளவாயிருக்கு. பெடியனுக்குக் கால் உள்ளுக்கை போகேலாது. பக்கத்தில பக்கத்தில நிப்பாட்டினா ரெண்டு விரல் உயரம் அவன். பத்து நிமிசம் முந்திப் பிறந்தவன் அண்ணை, பத்து மாசம் முந்தியில்லை!”

சிவராம் பிள்ளைகள் இருவரையும் கதவு நிலையோடு நிற்க வைத்துப் பார்த்தார். அவள் சொன்னது சரி. லாராவைக் கூப்பிட்டார்கள். லாரா தன் பாடக் குறிப்பேட்டைப் பார்த்து, பாடம் நடந்த நேரத்தையும் மணிக்கூட்டு நேரத்தையும் கழித்துப் பார்த்தாள். குளிர்காலம் முழுவதும் கதைப் புத்தகம், பகிடி, மதியத் தூக்கம் என்று உள்ளே இருந்த நேரமெல்லாம் சேர்ந்து ஐந்து மாதத்துக்குக் கிட்ட வந்தது. அவள் தன் நெற்றியோரத்து மயிரை விலக்கிக் காட்டினாள். நரைத்திருந்தது. தனக்குக் களைப்பு என்றுதான் நினைத்திருந்தாளாம்.

அந்தக் கிழமை சிவராமுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கதவைப் பூட்டினால் பாடசாலை போய்விடும். பூட்டாவிட்டால் பிள்ளைகளின் வயது போகும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் வந்தபோது கேட்டார்.

“நீயெண்டா என்ன செய்வாய்?”

தக்சாயினி சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். “அஞ்சு மாசத்தைக் குடுத்து அந்த ஒன்பது வருசத்தை மிச்சம் பிடிக்கலாமெண்டா நான் குடுத்திருப்பன், அப்பா. ஆனா என்னைக் கேட்டிட்டு எடுத்திருக்கோணும். அண்டைக்கும் ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லைத்தானே?”

அவர் தன் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“நீங்களும்தான் கேக்கேல்லை,” என்றாள் அவள், கோபமில்லாமல். பிறகு அவருடைய கோப்பையில் ரசம் ஊற்றினாள். சிவராம் அன்று சாப்பிட்டார்.

பெற்றோர் கூட்டத்தில் எல்லாவற்றையும் அவரே எழுந்து சொன்னார். பிழையான ஜெர்மனில், ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். சிலர் சத்தம் போட்டார்கள். ஒரு தகப்பன் பிள்ளையை அன்றே விலக்கப்போவதாகச் சொன்னார். லாரா எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள். கடைசியில் எல்லாரும் கிருசாந்தியைப் பார்த்தார்கள். அவள் பிள்ளைகள் இருவரையும் முன்னுக்குக் கூப்பிட்டாள்.

“ஐங்கரன், உனக்குப் போன அஞ்சு மாசம் திரும்ப வேணுமா?”

“வேண்டாம் அம்மா. இப்ப எனக்கு எல்லாம் வாசிக்கத் தெரியும்.”

“ஆரபி, நீ?”

“நானும் போறன்,” என்றாள் ஆரபி. “இவன் என்னைவிட உயரமா இருக்கேலாது.”

“அப்ப மற்றவளையும் விடுங்கோ,” என்றாள் கிருசாந்தி சபையைப் பார்த்து. “ரெண்டும் ஒரே வயசில இருக்கட்டும். அதுக்குப் பிறகு அளவா வைச்சுக்கொள்ளுங்கோ.”

அப்படியே தீர்மானமானது. ஆரபியும் அவளுடைய வகுப்பில் விரும்பியவர்களும், கோடை விடுமுறைக்கு முன் மூன்று கிழமை உள்ளே படித்து, ஐந்து மாதத்தை எட்டிப்பிடித்தார்கள். அவர்களோடு இருந்தது லாரா அல்ல. பெற்றோரே முறை வைத்து மாறி மாறி இருந்தார்கள். அதற்குப் பிறகு பிள்ளையும் பெற்றோரும் சம்மதித்தால் மட்டும் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் என்று விதி எழுதப்பட்டது. வாசிப்பு குறையவில்லை.

ஒக்டோபரில், எரிவாயு ஏன் குறைந்தது என்று பார்க்க மாநகரசபைக் கட்டடப் பகுதியிலிருந்து திருமதி பெக்கர் வந்தார். நகரத்தில் நாற்பத்தொரு பாடசாலைகள் அவருடைய பொறுப்பில் இருந்தன; கையில் மூன்று கோப்புகள், கண்ணுக்குக் கீழே கருமை. அவரும் அளந்தார். உள்ளே முப்பத்தொன்பது, வெளியே முப்பத்தொன்று.

“வரைபடத்தில் இல்லாத அறையை நான் எண்ண முடியாது, ஹெர் சிவராம். எண்ணாவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.”

“தெரியும். கொஞ்சம் உள்ளே இருந்து யோசியுங்கோ. ஆனா அதற்கு வயதிலே கொஞ்சம் போகும். சொல்லிப்போட்டுத்தான் விடுவம்.”

திருமதி பெக்கர் சிரித்தார். பிறகு கோப்புகளோடு உள்ளே போய்ச் சின்னக் கதிரையில் உட்கார்ந்தார். சிவராம் கதவுக்கு வெளியே காத்திருந்தார். நான்கு நிமிடத்தில் அவர் வெளியே வந்தபோது மூன்று கோப்புகளும் எழுதி முடிந்திருந்தன. கண்ணுக்குக் கீழே கருமை இல்லை. முதல் மணித்தியாலம் நித்திரை கொண்டதாகச் சொன்னார். புதிய வரைபடத்தையும் அங்கேயே கீறியிருந்தார். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் “7அ, அறுபது சதுர மீற்றர், இருக்கிறது” என்று எழுதி முத்திரை குத்தினார்.

டிசம்பரில் மாநகரசபை அந்த வரைபடத்தைக் கூட்டத்தில் எடுத்தது. நாய்கள் ஓடும் புல்வெளிக்கு வேலி போடும் விடயத்துக்கும் பேருந்துத் தரிப்பிடக் கூரைக்கும் நடுவில் வந்த அந்த விடயம், ஒருவரும் எதிர்க்காமல் நிறைவேறியது. பாடசாலை மூடப்படவில்லை. மிச்சப்பட்ட எரிவாயுப் பணத்தில் கழிவறைகள் திருத்தப்பட்டன. மண்டபக் கூரை இன்னும் வரிசையில்தான் நிற்கிறது.

2026 ஆகஸ்டில் புது முதலாம் வகுப்பு வந்தது. சிவராம் பெற்றோருக்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார்: கழிவறை, சாப்பாட்டு அறை, 7அ. அங்கே மே மாதம் என்றும், நேரம் எப்படிப் போகும் என்றும், யாரிடம் சம்மதம் வாங்க வேண்டும் என்றும் விளக்கினார். ஒரு தாய் குனிந்து தன் சின்ன மகளின் காதுக்குள் ஏதோ கேட்டாள். மகள் கனநேரம் யோசித்தாள். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் என்றாள், ஆனால் இன்றைக்கு வேண்டாம். பின்வரிசையில் நின்ற ஒரு தகப்பன் கையை உயர்த்தி, மாரிகாலத்தில் உள்ளே போகும் பிள்ளைகள் குளிர் உடுப்பை எங்கே கொழுவுவது என்று கேட்டார். அது நல்ல கேள்வி என்று சிவராமுக்குப் பட்டது. அடுத்த கிழமை அவர் பச்சைக் கதவுக்கு வெளியே, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், இருபத்தெட்டுக் கொளுக்கிகள் அடித்தார்.